சுவர் மாடத்துக் குழந்தைகளும் சிவப்புத் தலைப் பாதிரியாரும்!

இத்தாலி நாட்டில் வெனிஸ் என்று ஒரு நகரம். அங்கே தெருவுக்குப் பதில் கால்வாய். வண்டிக்குப் பதில் படகு.

அந்த ஊரில் "பியத்தா" என்று ஓர் அநாதை விடுதி இருந்தது. 1346-ம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் சுவரில் ஒரு மாடம். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் பெற்ற பிள்ளையை அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு வைப்பார்கள். மறு பாதி தாயிடம் இருக்கும். பிற்காலத்தில் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம் அல்லவா?

வாத்தியமே இனிஷியல்

1703-ல் அங்கே பிடில் வாத்தியாராக ஒருவர் வந்தார். பெயர் அந்தோனியோ விவால்டி. வயது 25. அவர் ஒரு பாதிரியார். தலைமயிர் சிவப்பு. ஆகவே "சிவப்புப் பாதிரியார்" என்றே ஊரார் அழைத்தார்கள். மார்பு நோயால் பூசை செய்வதை அவர் நிறுத்திவிட்டார். சங்கீதத்தை நிறுத்தவில்லை.

விடுதிப் பெண்கள் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், வாசிப்பார்கள். முகம் சரியாகத் தெரியாது. அதைக் கேட்கப் பல நாட்டுப் பிரபுக்கள் வந்தார்கள்!

நம் வித்வான்களுக்குக் காருகுறிச்சி, குன்னக்குடி என்று ஊர்ப் பெயர் உண்டு. ஊரும் தெரியாத, தகப்பன் பெயரும் தெரியாத பெண்ணுக்கு? வாத்தியம்தான். "பிடில் அன்னா மரியா" என்று ஒருத்தி பெரும் புகழ் பெற்றாள்.

பின்பாட்டு முன்பாட்டு ஆனது

பிடிலின் பெரிய அண்ணன் போல ஒரு வாத்தியம் உண்டு. பெயர் செல்லோ. நாலு தந்தி. உட்கார்ந்து, இரு கால்களுக்கும் நடுவே வைத்து வில்லால் இழுக்க வேண்டும். ஆண் குரல் போல ஆழமான நாதம். அந்தக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் பின்பாட்டு வேலைதான்.

விவால்டி அதைச் சபையின் நடுவே உட்கார வைத்தார். தனிச் செல்லோவுக்கும் வாத்தியக் கோஷ்டிக்கும் 27 உருப்படிகள் எழுதினார். "கன்செர்ட்டோ" என்று பெயர். விரைவு, நிதானம், மறுபடி விரைவு என்று பெரும்பாலும் மூன்று பாகம். விரைவான பாகத்தில் கோஷ்டி ஒரு பல்லவி வாசிக்கும். செல்லோ தனியே புறப்பட்டு ஓடும், பாயும். கோஷ்டி பல்லவியோடு வந்து பிடித்துக்கொள்ளும்.

பிடில் நம்மிடம் வந்த கதையும் உண்டு. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்த மணலிதான் இடம். அங்கே முதலியார் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி (1786–1858) ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் செல்லோவோ கச்சேரி மேடையில் நிலைக்கவில்லை. சினிமாப் பாட்டில் இடம் பிடித்துக்கொண்டது.

இரண்டு தகப்பன்மார்

விவால்டி 1741-ல் வியன்னா நகரில் ஏழையாக இறந்தார். உலகம் அவரை மறந்தது. கையெழுத்து ஏடுகள் எங்கே என்று யாரும் தேடவில்லை.

1926-ல் வடஇத்தாலியில் ஒரு பாதிரிமார் பள்ளிக்குப் பணமுடை. பழைய ஏடுகளை விற்க நினைத்தார்கள். பிரித்துப் பார்த்தால், விவால்டி! தூரின் நகர நூலகத்துக்கு வாங்க ஆசை, கையில் காசில்லை. ரொபெர்த்தோ ஃபோவா என்ற பங்குத் தரகர் பணம் கொடுத்தார். அவருடைய சிறு மகன் மவ்ரோ இறந்துபோயிருந்தான். அவன் நினைவாகக் கொடுத்தார்.

ஆனால் கிடைத்தது பாதிதான். மறு பாதி ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்திடம் இருந்தது. 1930-ல் அதற்கும் ஒருவர் பணம் தந்தார். துணி ஆலை முதலாளி பிலிப்போ ஜோர்தானோ. அவரும் ரென்சோ என்ற மகனைப் பறிகொடுத்தவர்!

செல்லோ உருப்படிகளில் பல அந்தக் கட்டுகளில்தான் இருந்தன. பாதியும் பாதியும் பொருந்தி இன்றும் தூரின் நூலகத்தில் இருக்கின்றன. ஒன்றின் பெயர் மவ்ரோ ஃபோவா தொகுப்பு. மற்றது ஜோர்தானோ தொகுப்பு.