எழுத்தொலியும் குழவிச் செவியும்

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் நுட்பமாக வகுத்துரைக்கின்றது. பிறந்த ஒலி கேட்பான் செவியிற் புக்கு வேறு வேறு எழுத்தாக உணரப்படுவது எங்ஙனம் என்னும் வினா அவ்வியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கு மூளைநூலார் காணும் விடை தமிழாசிரியர்க்குப் பெரிதும் வேண்டுவதாகும்.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்போர் கனடா நாட்டில் நிகழ்த்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. இந்தியின் தகர டகர ஒலிகளை மாற்றி மாற்றி ஒலித்தபோது, ஆங்கிலம் வழங்கும் இல்லத்து 6 முதல் 8 திங்கட் குழவிகள் மாற்றத்தை உணர்ந்து தலை திருப்பின. 10 முதல் 12 திங்கள் நிரம்பியவற்றுள் மிகச் சிலவே அவ்வாறு செய்தன. இந்தி கேட்டு வளர்ந்த குழவிகளோ அவ்வகவையிலும் அவ்வேறுபாட்டை நன்குணர்ந்தன. வழக்கில் கேளாத வேறுபாட்டைச் செவி ஓராண்டிற்குள்ளேயே புறக்கணிக்கப் பழகுகின்றது என்க.

இனி நம் மொழிக்கு வருவோம். பத்து, பற்று, பட்டு என்பன எழுத்தால் மூன்று. இரட்டித்த றகரத்தின் தனியொலி மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் இன்றும் வாழ்கின்றது. தமிழகப் பேச்சிலோ ‘காற்று’ பெரும்பாலும் ‘காத்து’ ஆயிற்று. பாலக்காட்டுக் கணவாயை அடுத்த மதுக்கரைப் பகுதியில் மலையாளம் வழங்கும் இல்லத்துப் பிள்ளையும் தமிழ் வழங்கும் இல்லத்துப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து சொல்வதெழுதுவர். முன்னது தொட்டிலிலேயே மூன்றொலியும் கேட்டது. பின்னது இரண்டே கேட்டது. பின்னதன் பிழையைக் கவனமின்மை எனக் கடிதல் முறையாமோ?

ஆயின் ஓராண்டில் வாயில் அடைபட்டுவிடுவதில்லை. ஒலி கேட்டவுடன் மூளைப்புறணியில் எழும் முதல் நேர்மின்னலை, பிறந்த குழவியிடம் ஏறத்தாழ 300 மில்லிநொடியில் தோன்றுகின்றது. 3 வயதளவில் 125 ஆகவும், வளர்ந்தோரிடம் 60 ஆகவும் குறைகின்றது. 100 மில்லிநொடி அளவில் எழும் எதிர்மின்னலையோ பள்ளிப்பருவத்தில் மெல்ல உருப்பெற்றுக் குமரப்பருவத்திலேயே முதிர்கின்றது. புறணியின் மேலடுக்கு நரம்பிழைகள் 12 வயது வரை வளர்கின்றன. இரைச்சலிடையே சொல்லைப் பிரித்துணரும் ஆற்றலும் அதுகாறும் நிரம்புவதில்லை. சுமையுந்துகள் ஓயாத பெருஞ்சாலையை ஒட்டிய வகுப்பறையில் ஆசிரியர் கேட்பதனைத்தும் மாணவரும் கேட்பர் என்று கொள்ளுதல் தவறு.

கேள்வியே இல்லாதார் நிலை இதனினும் கடியது. பிறவிச் செவிடர்க்குச் செவிநத்தைக் கருவி பொருத்துதல் பற்றி அனு சர்மா குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதிற்குள் கருவி பெற்றோரின் மின்னலை ஆறு திங்களில் அகவைக்கேற்ற நிலையை எய்தியது. 7 வயதிற்குப் பின் பெற்றோரிடம் அது பெரும்பாலும் எய்தவில்லை.

கேட்கும் பிள்ளைகட்கு அத்தகைய இடர் இல்லை, பயிற்சியே வேண்டும். செவி பிரித்தறியாததை நா முதலில் பிரித்தறியலாம். தொல்காப்பியர் றகர னகரங்களைத் தகர நகரங்களினின்றும் டகர ணகரங்களினின்றும் பிரித்து நாநுனியின் தொழில் கூறியுள்ளார். சொல்வதெழுதத் தொடங்குமுன் அம்மூவிடத்தையும் பிள்ளைகள் தம் நாவால் தொட்டு ஒலித்துப் பார்க்கச் செய்தல், தொடக்கப்பள்ளியிலேயே கூடும்.