தர்மத்துக்கு ஒரு தம்போலா!

முப்பத்தைந்து டாலர்! 1967-ஆம் ஆண்டில் பெட்டி மே ஜம்பர் என்ற பெண்மணி தலைமைப் பதவி ஏற்றபோது கஜானாவில் இருந்த ரொக்கம் அவ்வளவுதான். அமெரிக்காவில், புளோரிடா ராஜ்யத்தில் வாழும் ஸெமினோல் என்ற ஆதிக்குடி மக்களின் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்.

அதே ஸெமினோல் மக்கள் 2007-இல், 'ஹார்ட் ராக்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஹோட்டல், உணவு விடுதி வியாபாரத்தையே விலைக்கு வாங்கினார்கள். விலை 96 கோடியே 50 லட்சம் டாலர்!

நடுவில் என்ன நடந்தது? புதையல் கிடைத்ததா? எண்ணெய்க் கிணறு தோண்டினார்களா? அதெல்லாம் ஒன்றுமில்லை. நம் மாதர் சங்கங்களில் ஆடுகிறோமே, அந்தத் தம்போலாவில்தான் எல்லாம் ஆரம்பமாயிற்று!

அங்கே அதற்குப் பிங்கோ என்று பெயர். ஒருவர் எண்களைச் சொல்லிக்கொண்டே போவார். சீட்டில் ஒரு வரிசையை முதலில் முடித்தவர் "பிங்கோ!" என்று கூவினால் பரிசு அவருக்கு. மாதா கோயில்களும் தர்ம ஸ்தாபனங்களும் இப்படி ஆட்டம் நடத்தி நிதி திரட்டுவது வழக்கம்.

சூதாட்டம் கூடாது; ஆனால் தர்மத்துக்காக ஆடுகிறார்களே, அதை எப்படித் தடுப்பது? ராஜ்ய சர்க்கார்களுக்கு இது பெரிய தர்மசங்கடம்! ஆகவே ஆட்டத்தை அனுமதித்து, அதைச் சுற்றி வேலி போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் ஆடலாம், பெரிய பரிசு 100 டாலரைத் தாண்டக் கூடாது, நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றது புளோரிடா. வட கரோலினாவில், ஒரு தடவை உட்கார்ந்தால் 5 மணி நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டும், அடுத்த ஆட்டத்துக்கு 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. தர்மத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சூதாட்டக்காரர்கள் உள்ளே புகுந்துவிடக் கூடாதல்லவா?

1979 டிசம்பரில் ஸெமினோல் மக்கள் ஹாலிவுட்டில் பிங்கோ கூடம் ஒன்றைத் திறந்தார்கள். (சினிமா ஹாலிவுட் அல்ல, புளோரிடாவிலும் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு.) 100 டாலர் வரம்பும் இல்லை, இரண்டு நாள் கணக்கும் இல்லை! "கைது செய்வேன்" என்று கிளம்பினார் ஷெரீப் ராபர்ட் பட்டர்வொர்த். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று.

அங்கேதான் வேடிக்கை. "இந்த வீட்டில் சீட்டுக்கட்டே கூடாது" என்று தாத்தா சொன்னால் அது தடை. "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆடலாம்" என்றால்? அது தடை அல்ல, கட்டுத்திட்டம். ஆதிக்குடிகளின் நிலப்பகுதியில் அவர்களுக்கென்று சொந்த நிர்வாகம் உண்டு. ராஜ்யம் குற்றமென்று அடியோடு தடுத்தவை அங்கேயும் குற்றம்தான். ஆனால் ராஜ்யத்தின் வெறும் கட்டுத்திட்டங்கள் அங்கே செல்லாது. மாதா கோயிலில் ஆடலாமென்று அனுமதித்த பிறகு, பிங்கோவைத் தடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும்? 1981-இல் அப்பீல் கோர்ட்டு ஸெமினோல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

கலிபோர்னியாவிலும் இதே வழக்கு வந்தது. அங்கே தர்ம பிங்கோவுக்கு அப்போது பரிசு வரம்பு 250 டாலராக இருந்தது. எதிர்த்து நின்ற கபஸான் குடியில் மொத்தம் சுமார் 25 பேர்தான்! 1987-இல் சுப்ரீம் கோர்ட்டில் 6 நீதிபதிகள் அவர்கள் பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம். 'ராஜ்யமே லாட்டரி நடத்துகிறதே!' என்பதையும் கோர்ட்டு சுட்டிக் காட்டிற்று. மறு வருஷமே மத்திய சர்க்கார் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிங்கோ கூடங்களை அடுத்துப் பிரம்மாண்டமான சூதாட்ட மாளிகைகள் எழுந்தன.

அடியோடு தடுத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். தர்மத்துக்காகத் திறந்த சின்னத் திட்டிவாசல், வறுமையில் வாடிய ஒரு ஜனசமூகத்துக்கு ராஜபாட்டை ஆயிற்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான்.

ஆனால், அந்தப் பணம் வானத்திலிருந்து கொட்டவில்லை. ஆட வந்தவர்களின் கைப்பைகளிலிருந்துதான் வந்தது. அந்த 100 டாலர் வரம்பு காப்பாற்ற நினைத்ததும் அந்தக் கைப்பைகளைத்தானே?

அடுத்த முறை மாதர் சங்கத் தம்போலாவில், "பரிசு வெறும் எவர்சில்வர் டப்பாதானா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த டப்பா சிறியதாக இருக்கும் வரையில்தான் அது விளையாட்டு!