தோட்டக் கிணறும் குழந்தைகளின் பாதுகாப்பும்

கமக்காரரின் செல்வங்களுள் கிணறு முதன்மையானது. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் பெரும்பாலும் கிணற்று நீராலேயே விளைகின்றன. உலர் வலயத்தின் பிற பகுதிகளிலும் அகன்ற வாயையுடைய விவசாயக் கிணறுகள் பல தோண்டப்பட்டுள்ளன. பயிரைக் காக்கும் இந்நீரே, கட்டில்லாத கிணற்றில், குழந்தையின் உயிரைக் கொள்ளக்கூடும்.

2021ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனரென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் நால்வருக்கு ஒருவர் என்னுமளவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளாவர்.

சிறு குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பாரமானது. எட்டிப் பார்க்கும்போது தலைகீழாய் விழும். விழுந்த குழந்தை பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும். களை பிடுங்கும் தாய் ஒரு பாத்தியை முடித்து நிமிருமுன் யாவும் நடந்துவிடலாம். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

1. கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத உயரத்தில் கட்டுக் கட்டுதல் வேண்டும். அதன் வெளிப்புறம் கால் வைத்து ஏறவியலாதவாறு பூசப்படல் நன்று. கல், பெட்டி, கவிழ்த்த வாளி ஆகியவற்றைக் கட்டின் அருகே விடலாகாது.

2. கட்டுவதற்குப் பணவசதியில்லாதோர் கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டு, குழந்தை திறக்கவியலாத படலையொன்றை அமைக்கலாம்.

3. கிணற்று வாயைக் கிடுகாலோ பனையோலையாலோ மூடுவது, மூடாமல் விடுவதிலும் தீது. அது பள்ளத்தை மறைக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. உறுதியான சட்டத்திற் பொருத்திய கம்பிவலையே தக்கது.

4. பாவனையற்ற கிணறுகளையும் துரவுகளையும் மண்ணிட்டு நிரப்புக.

5. இரண்டங்குல நீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தானதே. இறைப்பு முடிந்ததும் தொட்டியை வெறுமையாக்குக. வாளியைக் கவிழ்த்து வைக்க. மருந்து கலக்கும் பீப்பாவை மூடுக.

6. வேலைக்காலத்திற் குழந்தைகளைப் பார்ப்பதற்கென வளர்ந்தோர் ஒருவரை நியமித்தல் வேண்டும். சிறு அக்காளிடம் விடுவது போதாது. அயற்குடும்பங்கள் முறைவைத்து இப்பணியைச் செய்யலாம். வங்காளதேசக் கிராமங்களில் காலை வேளையிற் குழந்தைகளை ஓரிடத்திற் பராமரித்ததால் இத்தகைய மரணங்கள் பெரிதுங் குறைந்தன.

7. நீண்ட கயிறொன்றையும், அதன் நுனியிற் கட்டி, வாய் இறுக மூடிய வெறும் பிளாத்திக்குக் கலனொன்றையும் கிணற்றருகே எப்போதும் தொங்கவிடுக. மூழ்குபவர் பற்றிக்கொள்ள இது உதவும்.

குழந்தை விழுந்துவிடின், முதலில் மின்மோட்டாரை நிறுத்துக. உதவிக்குக் குரல் கொடுக்க. நீந்தத் தெரியாதோர் குதிக்கலாகாது. மீட்ட குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீர் எடுக்க முயல்வதும் வீண். அவற்றாற் காலம் கழியும். மூச்சில்லையெனின், மல்லாக்கக் கிடத்தித் தலையைச் சற்றே பின்சாய்த்து, உடனே வாய்வழி மூச்சூதுக. பின்னர் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுக. இதனை இடைவிடாது தொடர்க. மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்திற்குப் பேசி இலவச அம்புலன்சு வண்டியை அழைக்கட்டும். குழந்தை கண் விழித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

அடுத்த போகத்துக்கு நிலத்தைப் பண்படுத்துமுன், உங்கள் கிணற்றை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். பயிருக்கு வேலியடைக்கும் நாம், பிள்ளைக்கு முதலில் அடைத்தல் வேண்டும்.