கீழாநெல்லி கற்பித்த பாடம்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும், எங்கள் கொரட்டூர் ஏரிக்கரையிலும், தெருவோரங்களிலும், வீடு கட்டப்படாத வெற்று மனைகளிலும் ஒரு சிறு செடி யாரும் விதையாமலே முளைத்து நிற்கக் காணலாம். முழங்கால் உயரத்திற்கு மேல் அது வளர்வது அரிது. மேலிருந்து நோக்கினால் அதன் கிளைகள் புளியிலை போலத் தோன்றும். கிளையொன்றைத் திருப்பிப் பாருங்கள். கடுகினும் சற்றுப் பெரிய பசுங்காய்கள் அடிப்பக்கத்தில் வரிசையாகத் தொங்கும். நெல்லிக்காய் போன்ற வடிவம்; இருப்பதோ இலைக்குக் கீழே. ஆகவே நம் முன்னோர் அதனைக் கீழாநெல்லி என்றனர். பெயர் வெறும் உவமையன்று. நெல்லிமரமும் இச்செடியும் பில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை எனத் தாவர நூலாரும் கூறுகின்றனர்.

மஞ்சட் காமாலைக்கு மருந்து யாது என்று தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், கீழாநெல்லி என்றே விடை வரும். செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். சித்த வைத்தியர்களும் இதனைப் போற்றுவர். இந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது? அது எவ்வளவு தூரம் உண்மை? இவற்றையே இன்று ஆராய்வோம்.

மாணவர்களே! முதலில் காமாலை என்பது யாது என அறிதல் வேண்டும். நம் குருதியிலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து சிதைகின்றன. அச்சிதைவிலிருந்து மஞ்சள் நிறப்பொருள் ஒன்று உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பிரித்தெடுத்துப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. அணுக்கள் அளவுக்கு மேல் சிதைந்தாலும், கல்லீரல் நோயுற்றாலும், பித்தநீர் செல்லும் குழாய் அடைபட்டாலும் அந்நிறப்பொருள் உடலில் தேங்கும். கண் மஞ்சளாகும். ஆகவே காமாலை ஒரு தனி நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளமே.

நம் நாட்டில் பெரிதும் காணப்படுவது, கெட்ட குடிநீர் வழியாகப் பரவும் நச்சுக்கிருமிகளால் வரும் காமாலை. அக்கிருமிகளை ஏ, ஈ என்று பிரித்து வழங்குவர். இவ்வகைக் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். கருவுற்ற மகளிர்க்கோ ஈ வகை பேராபத்து விளைவிக்கக் கூடும்.

இங்கே என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தார்கள். மூன்று வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினான். கண்ணாரக் கண்ட நான் அம்மூலிகையை முழுவதும் நம்பினேன். சில ஆண்டுகள் கழித்து, எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் கண்கள் மஞ்சளாயின. ஏரிக்கரைக்குச் சென்று செடி பறித்து வந்து கொடுத்தவன் நானே. ஐந்து வாரங்கள் கழிந்தன. மஞ்சள் குறையவில்லை, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தன. மருத்துவமனையில் சோதித்தபோது பித்தக்குழாயைக் கல்லொன்று அடைத்திருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சையால் அவர் அரிதிற் பிழைத்தார். செடி அவருக்குத் தீங்கு செய்யவில்லை. நான் வீணாக்கிய ஐந்து வாரங்களே தீங்கு செய்தன.

மாணவன் பிழைத்தது கீழாநெல்லியாலா, அன்றித் தானாகவா? ஒருவனை மட்டும் பார்த்து இதனைத் தீர்மானிக்க இயலாது. மருந்து உண்டவர், உண்ணாதவர் ஆகிய இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அத்தகைய சோதனையொன்று நம் சென்னையிலேயே நடந்தது என்பது பெருமைக்குரியது.

பி என்னும் மற்றொரு கல்லீரல் கிருமி குருதி வழியாகப் பரவுவது. சிலர் உடலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுவது. அதனைக் கண்டறிந்து 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளும்பர்க், சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் முதலியோருடன் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். அக்கிருமியைத் தாங்கியிருந்த 78 பேர் சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார்க்குக் கீழாநெல்லியும், மறு சாரார்க்கு மருந்தற்ற போலிப்பொடியும் 30 நாட்கள் அளிக்கப்பட்டன. பின்னர் பரிசோதித்ததில், மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. போலிப்பொடி உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்திருந்தது. 1988ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளிவந்ததும் உலகமே வியந்தது.

ஆயினும் கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். 37ம் 23ம் சேர்ந்தால் 60. எஞ்சிய 18 பேரின் முடிவு இக்கணக்கில் இல்லை. அன்றியும், விஞ்ஞானத்தில் ஒருமுறை கண்டது போதாது. பிறரும் செய்து காண வேண்டும். 1990ஆம் ஆண்டில் தாய்லாந்திலும், அதன்பின் நெதர்லாந்திலும், நியூசிலாந்திலும் சோதித்தனர். அங்கெல்லாம் சென்னையில் கண்ட பயன் கிட்டவில்லை. செடி விளைந்த மண்ணும் பருவமும் வேறுபட்டமை காரணமாகலாம் என்று சிலர் கருதினர். பல சோதனைகளையும் சேர்த்து மதிப்பிட்ட கொக்ரேன் அமைப்பினர், பி கிருமிக்கு இது போலிப்பொடியினும் பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2011ஆம் ஆண்டில் எழுதினர்.

அப்படியாயின் பாட்டியின் சொல் பொய்யா? அன்று. அவர் கண்டதைச் சொன்னார். கீழாநெல்லி உண்ட பலர் நலமுற்றது மெய். உண்ணாதவர்களில் எத்தனை பேர் நலமுற்றனர் என்று எண்ணிப் பார்க்கும் முறை அவரிடம் இல்லை. அம்முறையைக் கற்ற நாமோ, எண்ணாமல் நம்புவதும் தவறு. ஆராயாமல் இகழ்வதும் தவறு.

எனவே மாணவர்களே, வீட்டில் எவர்க்கேனும் கண் மஞ்சளானால், முதலில் குருதியைச் சோதித்துக் காரணம் அறியச் செய்யுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள். பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு, அதனைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குப்பின் கீழாநெல்லியைக் கண்டால், கிளையைத் திருப்பிப் பார்க்கவும் மறவாதீர்கள். மேலே தெரியும் இலையோடு நில்லாமல் கீழே உள்ள காயையும் தேடுவதே கல்வி.