கணினிச் செய்திப்பட்டையும் தமிழ்த் திறவுச்சொல் தேர்வும்: செஞ்சி, சிங்கவரம் செய்திகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினித் திரையின் ஓரத்தில் செய்தித் தலைப்புகளை ஓடவிடும் செய்திப்பட்டை, ஆய்வாளர் விரும்பும் பொருள் குறித்த செய்திகளை மட்டும் வடிகட்டித் தரவல்லது. எழுத்துத்தொடர்களை ஒப்பிட்டே அது வடிகட்டுகிறது. ஆகவே சொற்கள் உருபேற்றும் புணர்ந்தும் வரும் தமிழில், வேண்டிய செய்தி விடுபடவும் வேண்டாத செய்தி புகவும் இடமுண்டு. இரு ஊர்ப்பெயர்களைக் கொண்டு இச்சிக்கலையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செய்திப்பட்டை, செய்தியோடை, அத்துச் சாரியை, புணர்ச்சி, ஒருங்குறி, செஞ்சி, சிங்கவரம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம் அமைந்துள்ளது. பள்ளிகொண்ட அரங்கநாதரின் பல்லவர் காலக் குடைவரை இவ்வூர்க் குன்றில் உள்ளது. இவரைத் தேசிங்கு ராஜனின் வழிபடு தெய்வமாக நாட்டார் மரபு போற்றுகிறது. அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை நினைவுகூரும் கல்வெட்டும் உள்ளன.

2025 ஜூலை 11 அன்று, பாரிசில் நடைபெற்ற யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47-ஆவது கூட்டத்தில், மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் கீழ் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சிக்கோட்டை.

இத்தகைய அறிவிப்பு எவ்வழியிலேனும் ஆய்வாளரை வந்தடையும். ஆனால் குடைவரைத் தூணில் விரிசல், பாறையில் கிறுக்கல், புதிதாகப் படிக்கப்பட்ட கல்வெட்டு என்பன போன்றவை மாவட்டப் பக்கத்தில் சில வரிகளாக வந்து மறைந்துவிடக்கூடும். செய்திப்பட்டையின் பயன் இத்தகைய சிறு செய்திகளைப் பிடிப்பதில்தான் உள்ளது.

செய்திப்பட்டை இயங்கும் முறை

கணினித் திரைக்கே செய்தியைக் கொணரும் முயற்சி 1996-இல் பாயின்ட்காஸ்ட் மென்பொருளால் பரவலாக அறியப்பட்டது. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடை வடிவம் இதற்குப் பொதுவான அடித்தளமாயிற்று. ஓடையின் ஒவ்வோர் உருப்படியிலும் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம் முதலியன இடம்பெறும். செய்திப்பட்டை குறித்த இடைவெளியில் ஓடையைப் படித்து, புதிய உருப்படிகளைத் திறவுச்சொல்லோடு ஒப்பிட்டு, பொருந்துவனவற்றைத் திரையில் ஓடவிடும்.

ஓடைகள் பெரும்பாலும் அண்மைய உருப்படிகளை மட்டுமே தாங்கியிருக்கும். புதியன வரப் பழையன நீங்கும். கணினி சில நாள் அணைந்திருந்தால் இடைப்பட்ட செய்திகள் கிட்டாமற் போகலாம். ஆதலால் தலைப்பை ஓடவிடுவதோடு அமையாமல், உருப்படிகளைச் சேமித்தும் வைக்கும் மென்பொருளே ஆய்வுக்கு ஏற்றது.

விடுபடும் செய்திகள்

‘சிங்கவரம்’ என்பதைத் திறவுச்சொல்லாக இட்டால் ‘சிங்கவரம் கோயில்’ என்னும் தலைப்பு அகப்படும். ‘சிங்கவரத்தில் திருவிழா’ அகப்படாது. மகர ஈற்றுப் பெயர் வேற்றுமை உருபேற்கும்போது ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறுவதே காரணம். ‘சிங்கவரமும்’ என உம்மை சேரினும் பொருத்தம் குலையும். ஒருங்குறியில் மகரத்தை அடுத்துள்ள புள்ளியின் இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது. எனவே மாறாத பகுதியான ‘சிங்கவர’ என்பதை இடுவதே முறை. விழுப்புரம், காஞ்சிபுரம் முதலிய மகர ஈற்று ஊர்ப்பெயர்கள் அனைத்திற்கும் இது பொருந்தும்.

‘செஞ்சிக்கோட்டை’, ‘செஞ்சிக் கோட்டை’, ‘செஞ்சி கோட்டை’ என மூவகையாகவும் இதழ்கள் எழுதுகின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் இடுவோர் ஏனைய இரண்டையும் இழப்பர். மேலும் ‘கோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவும் ஒருங்குறியில் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைச் சமப்படுத்தாத மென்பொருளுக்கு வேறுவேறு.

புகுந்துவிடும் செய்திகள்

‘செஞ்சி’ உருபேற்கும்போது திரியாத பெயர் என்பதால் ‘செஞ்சியில்’, ‘செஞ்சிக்கு’ ஆகியவற்றையும் பிடிக்கும். ஆனால் செம்மை, சிலுவை ஆகியன புணர்ந்த ‘செஞ்சிலுவை’ என்பதன் முற்பகுதியும் அதுவே. ஆகவே உலகில் எங்குப் போர் மூண்டாலும், வெள்ளம் சூழ்ந்தாலும், செஞ்சிலுவைச் சங்கச் செய்திகள் கோட்டைச் செய்திகளோடு கலந்து வரும். முழுச்சொல் பொருத்தத்தைத் தேர்ந்தால் செஞ்சிலுவை நீங்கும். கூடவே ‘செஞ்சியில்’ என்பதும் நீங்கும். ‘செஞ்சி’ வேண்டும், ‘செஞ்சிலுவை’ வேண்டா எனச் சேர்ப்புச்சொல்லும் விலக்குச்சொல்லும் ஒருங்கே அமைப்பதே தீர்வு.

‘கோட்டை’ என்று மட்டும் இட்டால் புதுக்கோட்டையும் செங்கோட்டையும் வரும். ‘தேசிங்கு’ என்று இட்டால் 2013-இல் வெளியான ‘தேசிங்கு ராஜா’ திரைப்படம் பற்றியனவும் வரும். ‘ரங்கநாத’ என்னும் தொடர் அரங்கநாதர், ரங்கநாதர் ஆகிய இரு வடிவங்களையும் பிடிக்கும். எனினும் திருவரங்கச் செய்திகள் பெருகும் என்பதால் ‘சிங்கவர’ என்பதோடு இணைத்தே அதனைப் பயன்படுத்த வேண்டும். பெயர் கூறாமல் ‘மராட்டியக் கோட்டைகள்’ என்று மட்டும் தலைப்பிடும் செய்திகளுக்கு மராட்டிய, மராத்திய, மராத்தா ஆகிய மூன்று வடிவங்களையும் தனியே சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

செய்திப்பட்டை தமிழை எழுத்துத்தொடராக மட்டுமே அறியும். பகுதி எது, விகுதி எது என்பதைப் பயன்படுத்துவோரே அதற்குக் கூற வேண்டும். ஆகவே திறவுச்சொல்லின் மாறாத பகுதியைக் கண்டறிதல், எழுத்து வேறுபாடுகளைத் தொகுத்தல், விலக்குச்சொற்களை வரையறுத்தல் என்னும் மூன்றும் அமைப்புப் பணியின் முதற்படிகள் ஆகின்றன. பட்டை அமைதியாக இருப்பதனாலேயே செய்தி இல்லை என்று கொள்ளுதல் பிழை. முதற்சில வாரங்கள் மாவட்டப் பக்கத்தை நேரில் படித்து, பட்டை தவறவிட்டவற்றைக் குறித்துத் திறவுச்சொற்களைத் திருத்திக்கொள்ளும் ஆய்வாளர்க்கே, சிங்கவரத்துக் குன்றின் சிறு செய்தியும் உரிய நாளில் வந்து சேரும்.