எடை குறைந்தபின் தளரும் தோலும் மேலுடல் சீரமைப்பு அறுவை சிகிச்சையும்

மிகுந்த பருமன் ஒரு நோய்நிலை என்பதும், அது நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு முதலியவற்றிற்கு வழிகோலும் என்பதும் இப்போது பரவலாக அறியப்பட்டுள்ளன. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24.0 சதவிகிதத்தினரும் ஆண்களில் 22.9 சதவிகிதத்தினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். இவர்களுள் உடல் எடையைப் பெருமளவு குறைத்துக்கொள்வோர் தொகையும் பெருகி வருகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாக்டர் எட்வர்டு மேசன் 1966-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த இரைப்பை மாற்றுப்பாதை அறுவையும், அதன் வழிவந்த பிற முறைகளும் இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் செய்யப்படுகின்றன. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன.

இவ்வாறு 40 அல்லது 50 கிலோகிராம் எடை இழந்தவருக்கு நோய்கள் தணிகின்றன, நடை எளிதாகிறது. ஆனால் கொழுப்பு நீங்கிய இடத்தில் அதைப் போர்த்தியிருந்த தோல் தொங்கி நிற்கிறது. முன்னரே எவரும் இதைச் சொல்லாத காரணத்தால், தம் முயற்சியில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதென்றே பலர் எண்ணி வருந்துகின்றனர். இத்தளர்ச்சி ஏன் உண்டாகிறது, மேலுடலில் அதனை அறுவை சிகிச்சையால் எவ்வளவு சீராக்க முடியும், அதன் வரம்புகள் யாவை என்பன களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

தோல் சுருங்காமைக்குக் காரணம்

தோலின் உள்ளடுக்கில் இருவகை இழைகள் உள்ளன. கொலாஜன் என்பது தோலுக்கு வலிமையைத் தருவது. எலாஸ்டின் என்பது இழுபட்ட தோலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பல ஆண்டுகள் மூட்டையைச் சுற்றி இழுபட்டுக் கிடந்த ரப்பர் வளையம், மூட்டையை அவிழ்த்த பிறகும் தளர்ந்தே கிடப்பதைக் காண்கிறோம். அதுபோலவே, நெடுங்காலம் விரிந்திருந்த தோலில் எலாஸ்டின் இழைகள் அறுபட்டும் ஒழுங்கு குலைந்தும் போகின்றன. தோலின்மேல் தோன்றும் வெண்ணிற வரிகள் இச்சிதைவின் வெளி அடையாளமே. வயது, பரம்பரை, பருமனாயிருந்த காலத்தின் நீட்சி, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றிற்கேற்ப இது ஆளுக்கு ஆள் வேறுபடும். இளவயதினருக்குத் தோல் ஓரளவு சுருங்குவதும் உண்டு.

தோலின் மிகுதி எத்தகையது என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் கொண்டு பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் உடற்பரப்பு ஏறத்தாழச் சதுர மீட்டரில் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 120 கிலோகிராம் எடையும் உள்ளவரின் உடற்பரப்பு சுமார் 2.31 சதுர மீட்டர். அவர் 70 கிலோகிராமுக்கு இறங்கினால் அது சுமார் 1.76 சதுர மீட்டர் ஆகிறது. இடைவேறுபாடு 0.55 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய ஆறு சதுர அடி. இதில் ஒரு பகுதியைத் தோல் தானே ஈடுசெய்துகொள்ளும்; எஞ்சியது மடிப்பாகத் தொங்கும்.

உடற்பயிற்சி தசையை வளர்க்கும். அறுபட்ட எலாஸ்டின் இழைகளை அது இணைக்காது. தேய்ப்பு எண்ணெய்களுக்கும் விலையுயர்ந்த பூச்சுகளுக்கும் இத்தகைய பெருந்தளர்ச்சியை நீக்கும் ஆற்றல் இல்லை.

மேலுடலில் தளர்ச்சி அமையும் விதம்

மார்பெலும்பின்மேலும், முதுகெலும்பின் நெடுகிலும், மார்பகத்தின் கீழ்மடிப்பிலும் தோல் அடித்திசுவுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது. மற்ற இடங்களில் அப்பிணைப்பு நெகிழ்வானது. கொடியில் இரண்டு முனைகளிலும் கவ்வி மாட்டிய ஈரத்துணி நடுவில் தொய்வதுபோல, பிணைப்புள்ள இடங்களுக்கு நடுவே தோல் தொய்கிறது. முதுகின் மேற்பகுதியிலும் விலாப்புறத்திலும் குறுக்கு மடிப்புகள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

மேற்கையில் தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் இடையே தோல் கீழ்நோக்கித் தொங்கும். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் இதனைத் தெளிவாகக் காணலாம். இத்தொய்வு அக்குளைக் கடந்து விலாவரை தொடர்வதுமுண்டு. பெண்களின் மார்பகம் கொழுப்பை இழந்து தட்டையாகி இறங்கும். ஆண்களுக்கும் மார்பில் தோலும் கொழுப்பும் மிகுந்து பெண்மார்பு போன்ற தோற்றம் எஞ்சுவதுண்டு.

இவை தோற்றக் குறை மட்டுமல்ல. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் அக்குளிலும் மார்பின் கீழும் உள்ள மடிப்புகளில் வியர்வை தேங்கித் தோல் உராய்ந்து புண்ணாகிறது. காளான் கிருமிகளால் படையும் அரிப்பும் உண்டாகின்றன. பேருந்தில் கைப்பிடியைப் பற்றி நிற்பதும், துணி துவைத்து உலர்த்துவதும் சிலருக்கு வேதனை தருகின்றன. உடம்பிற்கு அளவான இரவிக்கையோ சட்டையோ கைப்பகுதியில் நுழைவதில்லை. கைக்கு ஏற்பத் தைத்தால் உடம்பில் தொளதொளக்கிறது. இக்காரணங்களால் எடை குறைந்த பின்னரும் வெளியே செல்லக் கூசுவோர் உளர்.

அறுவை சிகிச்சை முறைகள்

தொங்கும் தோலை நீக்கும் அறுவை புதியதன்று. வயிற்றில் தொங்கிய தோலையும் கொழுப்பையும் டாக்டர் ஹோவர்டு கெல்லி என்பவர் பால்டிமோர் நகரில் 1899-ஆம் ஆண்டிலேயே நீக்கினார். மேலுடலில் உறுப்புக்கேற்ப முறைகள் பிற்காலத்தில் செப்பமடைந்தன. தளர்ச்சியை அளவிட, பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அது உடலைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் வழங்குகிறது. மதிப்பெண் குறைவாயின் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது போன்ற சிறு முறைகள் போதுமானவை. கூடுதலாயின் தோலை வெட்டி நீக்குவதே வழி.

மேற்கை: அக்குளிலிருந்து முழங்கைவரை கையின் உட்புறமோ பின்புறமோ நீள்வாக்கில் கீறி, மிகுதித் தோலும் அதனடிக் கொழுப்பும் நீக்கப்படுகின்றன. அக்குளில் நேர்க்கோடாகத் தைத்தால் தழும்பு பின்னர் இறுகிக் கையைத் தூக்கவிடாது; ஆதலால் அவ்விடத்தில் கீறல் வளைத்தோ கோணமாக மடக்கியோ அமைக்கப்படுகிறது. முன்கையின் உட்புறத்திற்கு உணர்ச்சி தரும் நரம்பு கீறலுக்கு அருகில் செல்வதால் அதனைக் காப்பது முக்கியம். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தழும்பு அகன்று இறங்கிவிடும். தோலடியிலுள்ள சவ்வை அக்குளின் உறுதியான திசுவுடன் பிணைத்துத் தாங்கச் செய்யும் முறையை டாக்டர் டெட் லாக்வுட் 1995-ஆம் ஆண்டில் விளக்கினார்.

மார்பு: பெண்களுக்கு மிகுதித் தோலை நீக்கி, முலைக்காம்பை அதன் இரத்த ஓட்டம் கெடாமல் உயர்த்தி அமைக்கின்றனர். விலாவில் தொங்கும் திசுவை எறிந்துவிடாமல், அதன் இரத்த நாளங்களுடன் முன்னே திருப்பி மார்பகத்தை நிரப்பப் பயன்படுத்துவதும் உண்டு. ஆண்களுக்குத் தோலும் கொழுப்பும் சுரப்பித் திசுவும் நீக்கப்படுகின்றன. தளர்ச்சி மிகுதியாயின் முலைக்காம்பைத் தனியே எடுத்து உரிய இடத்தில் ஒட்டுவர்.

முதுகு: குறுக்கு மடிப்பைப் பட்டைபோல் வெட்டியெடுத்து, பெண்களாயின் உள்ளாடையின் பட்டி மறைக்கும் கோட்டில் தையலை அமைப்பர்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்வது பெரும்பாலும் உகந்ததன்று. அறுவை நீண்டால் உடல் குளிர்வதும், இரத்தம் இழப்பதும், கால் நாளங்களில் இரத்தம் உறைவதும் நேரக்கூடும். எனவே சில மாத இடைவெளியில் கட்டம் கட்டமாகச் செய்வதே பொதுவான வழக்கம்.

தகுந்த காலமும் முன்னேற்பாடும்

எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது இவ்வறுவை செய்யலாகாது. பின்னர் மேலும் எடை குறைந்தால் தோல் மறுபடியும் தளரும்; கூடினால் மறுபடியும் விரியும். எடை குறைந்தது 3 முதல் 6 மாதங்கள் நிலையாக இருத்தல் வேண்டும். இரைப்பை அறுவை செய்துகொண்டோருக்கு இந்நிலை பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களில் அமைகிறது.

இரைப்பை அறுவைக்குப்பின் புரதம், இரும்பு, பி12, டி ஆகிய சத்துகள் குறைவது வழக்கம். புரதம் குறைந்த உடலில் புண் ஆறுவது கடினம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என மருத்துவர்கள் பொதுவாகக் கூறுவர். 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், 250 மில்லி லிட்டர் பாலில் 8 கிராமும் புரதம் உள்ளது. இரத்தசோகை இருப்பின் அறுவைக்கு முன்னரே சரிசெய்ய வேண்டும்.

நிகோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்கித் தையல் விளிம்பை அழுகச் செய்யும். பீடி, சிகரெட் மட்டுமன்றி வாயில் அடக்கும் புகையிலையும் இத்தீமையைத் தரும். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே இவற்றை விட்டுவிட வேண்டும். புண் ஆறும் வரையும் தொடலாகாது. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வோர் அதனை மயக்க மருந்து நிபுணருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்கத்தின்போது உணவு மேலேறி மூச்சுக்குழாயில் புக இடமுண்டு.

தழும்பும் பிற விளைவுகளும்

இவ்வறுவை தொய்வை நீக்கி அதற்கு ஈடாக ஒரு நீண்ட தழும்பைத் தருகிறது. இவ்வுண்மையை முன்னதாகவே ஏற்றுக்கொண்டவரே பின்னர் மனநிறைவு அடைவர். கைத்தழும்பு ஓராண்டோ அதற்கு மேலோ தடித்தும் நிறம் மாறியும் இருந்து பின்னரே அடங்கும். கருநிறத் தோலில் தழும்பு வீங்கி வளரும் கெலாய்டு என்னும் நிலை கூடுதலாகக் காணப்படுவதால், முன்னர் அவ்வாறு நேர்ந்தவர் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தையலின் சிறு பகுதி பிரிதல், தோலடியில் நீர் தேங்குதல், முன்கையில் மரமரப்பு, கை வீக்கம் ஆகியவை அரிதல்ல. இவற்றுள் பெரும்பாலானவை கவனிப்பால் தீரும். அழுத்தும் உறை சில வாரங்கள் அணியப்படும். பாரம் தூக்குவது சுமார் நான்கு முதல் ஆறு வாரங்கள் விலக்கப்படும். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்த உறைவைக் குறிக்கலாம். இவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

(1) எடை குறைக்கும் சிகிச்சையை மேற்கொள்வோருக்குத் தோல் தளரக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தல். தளர்ந்த தோல் சோம்பலின் அடையாளமன்று என்பதைக் குடும்பத்தாருக்கும் விளக்குதல்.

(2) மடிப்புகளைக் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்தி, பருத்தி ஆடை அணியச் சொல்லுதல். படைக்குக் கடையில் தாமே களிம்பு வாங்கித் தடவுவதைத் தடுத்தல். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை உடனே அடக்கினாலும் படையைப் பரவச் செய்து தோலை மெலிவிக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதித்தது.

(3) மடிப்புப் புண்ணுக்கு மருத்துவம் பெற்ற நாளும் விவரமும் எழுதிய சீட்டுகளைப் பாதுகாக்கச் செய்தல். மருத்துவக் காப்பீட்டு விதிகள் தோற்றத்திற்கான அறுவையை விலக்குகின்றன. ஆயினும், உடல்நலத்திற்கு நேரடியான உடனடிக் கேட்டை நீக்க அது மருத்துவ நோக்கில் தேவையென மருத்துவர் சான்றளித்தால் விலக்குக்கு விலக்கு உண்டு. அச்சான்றுக்கு அடிப்படையாவன இச்சீட்டுகளே.

(4) பிளாஸ்டிக் அறுவைத் துறையில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரிடமும், மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையிலும் மட்டுமே அறுவை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்துதல். புது டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் இத்துறை இயங்குகிறது.

(5) அறுவையை விரும்பாதோரை வற்புறுத்தாதிருத்தல். மடிப்பில் புண்ணின்றியும் வேலைக்கு இடையூறின்றியும் இருப்போருக்கு இது கட்டாயமன்று. பொருந்திய ஆடையும் தோல் தூய்மையும் போதுமென அவர்கள் கருதினால், அதுவும் தக்க முடிவேயாகும்.