கடன் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: வங்கியா, கூட்டுறவுச் சங்கமா?

தலித் ஒருவருக்குக் கடன் மறுக்கப்படும்போது அம்மறுப்பு பெரும்பாலும் காகிதத்தில் வருவதில்லை. "மேலாளர் விடுப்பில் இருக்கிறார்", "இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது", "ஜாமீன் போட யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள்" என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பப்படுகிறார். விண்ணப்பம் பதிவாகாததால் மறுப்பும் பதிவாவதில்லை. எனவே சேமிப்பை எங்கே வைப்பது, கடனை எங்கே கேட்பது என்று முடிவெடுக்கும்போது வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. போட்ட பணத்துக்குக் காப்பீடு உண்டா, மறுத்தால் யாரிடம் முறையிடலாம், அந்த நிறுவனத்தில் நமக்கு வாக்கு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் எழுப்ப வேண்டும்.

தமிழகக் கிராமம் ஒன்றில் வாழ்பவருக்கு எட்டக்கூடிய முறைசார்ந்த நிறுவனங்கள் முதன்மையாக மூன்று. ஒன்று, பொதுத்துறை வணிக வங்கியின் கிளை. இரண்டு, பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019இல் இணைக்கப்பட்டு, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தமிழ்நாடு கிராம வங்கி. மூன்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்.

முதல் கேள்வி காப்பீடு. வணிக வங்கி, கிராம வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றில் உள்ள வைப்புத்தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் இவ்வரம்பு 1 லட்சமாக இருந்தது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இக்காப்பீடு பொருந்தாது. ஆகவே, வாழ்நாள் சேமிப்பை, கால் சதவீத வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகக் காப்பீடற்ற இடத்தில் வைப்பது தவறு. கடன் வாங்கும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இரண்டாவது, கடன். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டி இல்லை. உழவருக்கு இதைவிட மலிவான கடன் வேறில்லை. ஆனால் அதற்குச் சிட்டாவும் அடங்கலும் தேவை. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போனதன் விளைவை இங்கே காணலாம். வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உழுபவரின் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. உழைப்பு ஒருவருடையதாகவும் வட்டியில்லாக் கடன் வேறொருவருடையதாகவும் ஆகிவிடுகிறது.

வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள கடமைகள் தெளிவானவை. மொத்தக் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைகளுக்கும், 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்கும் போக வேண்டும். நலிந்த பிரிவினரில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அடங்குவர். ஆனால் சிறு, குறு விவசாயிகளும் சுய உதவிக் குழுக்களும் அதே கணக்கில் வருகின்றனர். பட்டியல் சாதியினருக்கெனத் தனி உள்ஒதுக்கீடு கிடையாது. தலித் ஒருவருக்குக்கூடக் கடன் தராமல் ஒரு வங்கி இந்த இலக்கை எட்டிவிட முடியும் என்பதே இவ்விதியின் ஓட்டை.

இந்த ஓட்டைக்கு நடுவிலும் நம் கையில் ஒரு விதி இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்நிலையில்தான் நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. அரசின் வறுமை ஒழிப்பு, சுயதொழில் திட்டங்களின்கீழ் வரும் இவர்களது விண்ணப்பங்களுக்கு, வைப்புத்தொகை கட்டச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. கல்விக் கடனில் 4 லட்சம் வரையிலும், வேளாண் கடனில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலும் சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

ஆகவே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நாளிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறுவதே முதல் வேலை. தாட்கோ மானியத்துடன் இணைந்த கடனுக்கும் இது பொருந்தும். வணிக வங்கியோ கிராம வங்கியோ புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் உள்ளது. கூட்டுறவுச் சங்கத்தின் மீதான புகாரைக் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளரிடம் அளிக்க வேண்டும்.

மூன்றாவது, வாக்கு. வங்கியில் நாம் வாடிக்கையாளர் மட்டுமே. கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை கட்டியவர் உறுப்பினர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஆனால் இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை. நகைக்கடனுக்காகக் கையொப்பமிடும் பலர், தாம் எந்த வகை உறுப்பினராகச் சேர்க்கப்படுகிறோம் என்று கேட்பதில்லை. கடனை யாருக்கு, எவ்வளவு என்று முடிவு செய்யும் நிர்வாகக் குழு அந்த வாக்குகளால்தான் அமைகிறது. தகுதியுள்ள சேரி மக்கள் முழு உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளாத ஊரில், சங்கம் ஆதிக்கச் சாதியினரின் குடும்பச் சொத்துப்போல நடத்தப்படுவது எளிதாகிறது.

சேமிப்பைக் காப்பீடுள்ள வங்கியில் வைக்கலாம். நிலம் உள்ளவர் பயிர்க்கடனுக்குச் சங்கத்தை நாடலாம். நிலமற்றவர் தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வணிக வங்கியில் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். எங்கே மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம்.